பிரேக் டீச்சரிடம் யாரும் கேட்கவில்லை

எங்கள் பகுதியில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக் டீச்சரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் ஓட்டுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அவரிடம் கற்றுக்கொள்ளவில்லை என்று.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற ஆசிரியர்கள் அதைத் தையல் மிஷின் மாதிரி மிதித்துக்கொண்டே வருவார்கள். இவர் மிதிக்க மாட்டார். "நான் மிதிச்சா நான் ஓட்டறேன்னு அர்த்தம். ஓட்டறது நீங்க. நீங்க மிதிங்க" என்பார். எதிரே தண்ணீர் லாரி வந்துகொண்டிருக்கும்போதும் இதையே நிதானமாகச் சொல்வார். பிரேக்கைத் தொடாததால்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். நாற்பது வயதில் ஸ்டியரிங்கைத் தொட்ட எனக்கு அவர் பதினெட்டு நாளில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இந்தக் கதையையும் அப்போதுதான் சொன்னார், பாதி சிக்னல்களில் நின்றபோது, மீதி நான் வண்டியை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பத் திணறிய இடைவெளிகளில்.

நாற்பத்தாறு வயதில் அவருடைய கருப்பையில் மூன்று கட்டிகள் வந்தன. ஆபத்தான கட்டிகள் இல்லை. ஆனால் மாதத்தில் பத்து நாள் ரத்தப்போக்கு. ஒரு வகுப்பு முடிந்து காரைவிட்டு இறங்குவதற்குள் கண் இருட்டும். ஊரே கைகாட்டிய பெரிய மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஒரு பெரிய டாக்டர். எவ்வளவு பெரியவர் என்றால், லிஃப்டுக்குள் அவர் படம் மாட்டியிருந்தது. மூன்றாம் மாடிக்குப் போவதற்குள் அவருடைய பட்டங்களைப் படித்து முடிக்க முடியாது. ஐந்தாம் மாடி வரை போய்விட்டு இறங்கி வர வேண்டும்.

பெரிய டாக்டர் நான்கு நிமிடம் பார்த்தார். அதில் ஒன்றரை நிமிடம் போனில் இருந்தார்.

"கட்டியை எடுத்துடலாம்மா."

"கட்டியை மட்டும் எடுங்க டாக்டர். கர்ப்பப்பை இருக்கட்டும்."

"பார்த்துக்கலாம்."

"பார்த்துக்கலாம் இல்ல டாக்டர். எழுதிக்குங்க."

டாக்டர் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். எழுதுவதற்கு அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடம் பிற்பாடு அவருக்குப் பதினொரு பக்கமாகத் திரும்பி வரும் என்று படத்திலிருந்த பட்டங்கள் எதிலும் சொல்லித்தரவில்லை போலும்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை ஒரு நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தார். மூன்று பக்கம். "பென்சில்ல டிக் போட்டிருக்கேன்கா. டிக் இருக்கிற இடத்துல எல்லாம் கையெழுத்து போட்டுடுங்க."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். நர்ஸ் பதறிப்போனார். அந்த வார்டில் அந்தப் படிவத்தை யாரும் படித்ததாக வரலாறு இல்லை. இருபது நிமிடம் படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் தன் கையாலேயே எழுதினார்: "கட்டிகளை மட்டும் அகற்றச் சம்மதம். கருப்பையை அகற்றச் சம்மதம் இல்லை. உயிருக்கு ஆபத்து வந்தால் தவிர." அதற்குக் கீழே கையெழுத்து.

மறுநாள் காலை முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். நினைவு தப்பவில்லை. மார்புக்கு மேல் பச்சைத் துணியால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் பெரிய டாக்டர். இந்தப் பக்கம், தலைமாட்டில், மயக்க மருந்து டாக்டர். வயதில் இளையவர், பேச்சுக்கொடுத்துப் பயத்தைப் போக்குகிற ரகம்.

"என்னக்கா வேலை பார்க்கறீங்க?"

சொன்னார். அவ்வளவுதான், நோயாளியை விட்டுவிட்டு மருந்து டாக்டர் தன் வீட்டுக் கவலையைக் கொட்ட ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவி ரிவர்ஸ் பார்க்கிங்கில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது டெஸ்ட் அடுத்த வாரம். திரைக்கு அப்பால் தன் வயிறு திறந்திருக்க, டீச்சர் இந்தப் பக்கம் காற்றில் ஸ்டியரிங் பிடித்து வகுப்பு எடுத்தார். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததால் இடதுபக்கம் மட்டும் ஒடித்துக் காட்ட முடியவில்லை.

வகுப்பு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது திரைக்கு அப்பால் சத்தம் நின்றது.

"மூணையும் தனித்தனியா எடுக்கணும்னா ஒன்றரை மணி நேரம் ஆகும். மொத்தமா எடுத்துட்டா முக்கால் மணி நேரம்" என்றது பெரிய டாக்டரின் குரல். "பன்னிரண்டுக்கு அடுத்த கேஸ் வேற இருக்கு. வெளியே யாரு இருக்கா, வீட்டுக்காரரா? அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

டீச்சர் தலையைத் தூக்கப் பார்த்தார். "டாக்டர், நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன். என்கிட்ட சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லம்மா. டென்ஷன் ஆகாதீங்க."

"வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கேன் டாக்டர்."

பதில் அவருக்கு வரவில்லை. தலைமாட்டில் இருந்தவருக்கு வந்தது. "கொஞ்சம் தூங்க வைங்க."

"சார், அவங்க நல்லாத் தெளிவாப் பேசிட்டிருக்காங்க."

"அதனாலதான்."

கவனியுங்கள். சம்மதம் சொல்ல வேண்டிய ஆள் மூன்றடி தூரத்தில், கண்ணைத் திறந்துகொண்டு, வாயையும் திறந்துகொண்டு படுத்திருக்கிறார். அந்தச் சம்மதத்தைத் தேடி ஒரு நர்ஸ் இரண்டு கதவுகளைத் தாண்டி, ஒரு வராந்தாவைக் கடந்து, காப்பி மிஷின் வரைக்கும் ஓடுகிறார். மருத்துவம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

காப்பி மிஷின் பக்கத்தில் டீச்சரின் கணவர் நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். யாரையும் எதிர்த்துப் பேசியறியாத மனிதர். கடையில் வாடிக்கையாளர் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டாலும், "உங்களுக்கு எடுப்பா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திருப்பி மாட்டிவிடுவார்.

"சார், டாக்டர் ஒரு கையெழுத்து கேக்கறார். சீக்கிரம்."

"எதுக்கும்மா?"

"சேஃப்டிக்குத்தான் சார்."

போட்டார். ஊருக்கெல்லாம் படிக்கிற கண்ணாடி மாட்டிவிடுகிறவருக்குத் தன்னுடையதைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் காலை பெரிய டாக்டர் பரிவாரத்தோடு வார்டுக்கு வந்தார். "எல்லாம் க்ளீனா எடுத்தாச்சும்மா. இனிமே தொந்தரவே இல்ல."

"எல்லாம்னா?"

டாக்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். டீச்சர் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துத் தரச் சொன்னார். நர்ஸ் தயங்கியபடியே கொடுத்தார். செய்யப்பட்ட சிகிச்சை என்ற இடத்தில் இரண்டே சொற்கள் இருந்தன: கருப்பை நீக்கம். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினார். கணவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுல கையெழுத்து போட்டீங்க?"

"சேஃப்டிக்குன்னு சொன்னாங்க."

"யாரோட சேஃப்டி?"

கணவரின் கை நின்றுவிட்டது. அந்தப் பழத்தை யாரும் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆறுதல் சொல்கிறவர்கள் படையெடுத்தார்கள். அறுவை சிகிச்சையைவிட அதுதான் வலித்ததாம். நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"ரெண்டு பிள்ளை பெத்து வளர்த்தாச்சு. இனிமே அது எதுக்கு அண்ணி? தொல்லை விட்டுதுன்னு நினைச்சுக்குங்க."

"நீ காலேஜ் முடிச்சு இருபது வருஷம் ஆச்சு" என்றார் டீச்சர். "இனிமே மூளை எதுக்கு? எடுத்துடலாமா?"

நாத்தனார் ஒரு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த ஒரு மாதம் உடம்பு நன்றாகத் தேறியது.

தையல் ஆறியதும் மருத்துவமனையின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் போனார். அங்கே ஒரு பெண் ஒரு தாளைக் கொடுத்தார். அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை ஐந்து பொம்மை முகங்கள். "உங்க அனுபவம் எப்படி இருந்ததுன்னு இதுல வட்டம் போடுங்க மேடம்." டீச்சர் ஐந்தையும் பார்த்தார். தன் அனுபவத்துக்கு ஏற்ற முகம் அதில் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மறுவாரம் மருத்துவமனையிலிருந்து போன். நல்லெண்ண அடிப்படையில் முழு உடல் பரிசோதனை இலவசமாகச் செய்து தருகிறார்களாம்.

"எதுக்குங்க? இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு பார்க்கவா?"

டாக்டர்கள் மேல் நடவடிக்கை எடுப்பதற்கென்று ஒரு மருத்துவ மன்றம் இருப்பது அதுவரை அவருக்குத் தெரியாது. மன்றமும் அதை யாருக்கும் தெரிவிக்க மெனக்கெடவில்லை. ஒரு மாணவி மூலம் விலாசம் கிடைத்தது. தன் கையால் நான்கு பக்கப் புகார் எழுதினார். மூன்று நகல் கேட்டார்கள், அனுப்பினார். பிறகு அதே மூன்று நகலை மறுபடி கேட்டார்கள், அனுப்பினார். "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று ஆறு கடிதங்கள் வந்தன. ஆறிலும் ஒரே வாசகம், தேதி மட்டும் வேறு. பதினான்கு மாதம் பரிசீலித்தார்கள். அவர் கருப்பையை எடுத்து முடித்ததே முக்கால் மணி நேரத்தில்தான்.

இதற்கிடையே மருத்துவமனையிடம் தன் கோப்பின் நகலைக் கேட்டார். கிடைக்காது என்றார்கள். மூன்றாவது கடிதத்தில் மன்றத்துக்கும் நகல் என்று ஒரு வரி சேர்த்ததும் கிடைத்துவிட்டது. அதில் மயக்க மருந்து டாக்டர் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதிவைத்த குறிப்புகள் இருந்தன. "10.15, விழிப்பு, பேசுகிறார். 10.30, விழிப்பு, பேசுகிறார். 10.45, விழிப்பு, நிறையப் பேசுகிறார். 11.00, தூக்க மருந்து, அறுவை மருத்துவர் சொன்னதன் பேரில்." ரத்த இழப்பு என்ற கட்டத்தில், மிகக் குறைவு.

விசாரணை நாளன்று கணவரும் கூடப் போனார். நீண்ட மேஜைக்கு அப்பால் ஐந்து உறுப்பினர்கள், ஐவரும் டாக்டர்கள். அவர்களுக்குச் சுழல் நாற்காலி, பிஸ்கட் தட்டு. புகார்தாரருக்கு மர நாற்காலி. பெரிய டாக்டர் வக்கீலோடு வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் உறுப்பினர்களில் இரண்டு பேர் பாதி எழுந்தேவிட்டார்கள்; அவரிடம் படித்தவர்களாம். சட்டென்று நினைவு வந்து, நாற்காலியைச் சரிசெய்கிற மாதிரி மறுபடி உட்கார்ந்தார்கள்.

"அம்மா, இது கோர்ட் இல்ல. பயப்படாமப் பேசுங்க" என்றார் தலைவர்.

"பயந்திருந்தா வந்திருக்க மாட்டேன் சார்."

வக்கீல் வாதம் சுருக்கமானது. நோயாளி மயக்க மருந்தின் பிடியில் இருந்தார். முடிவெடுக்கும் நிலையில் இல்லை. எனவே டாக்டர் நல்லெண்ணத்தோடு குடும்பத்தின் சம்மதத்தைப் பெற்றார். இதோ கணவரின் கையெழுத்து.

ஓர் உறுப்பினர் கனிவாகக் கேட்டார். "மறுபடி குழந்தை பெத்துக்கற எண்ணம் ஏதாவது இருந்ததாம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் வேணும்னு எழுதினீங்க?"

"காரணம் சொன்னாத்தான் அது என்னோடதுன்னு ஒத்துப்பீங்களா சார்?"

உறுப்பினர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

மயக்க மருந்து டாக்டரை அழைத்தார்கள். அவர் இன்னமும் அதே மருத்துவமனையில், அதே பெரிய டாக்டரின் கீழ் வேலை பார்க்கிறவர். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். டீச்சரும்கூட.

"நோயாளி தெளிவாக இருந்தாரா?" என்று தலைவர் கேட்டார்.

"இருந்தாங்க சார்."

"எதை வெச்சு சொல்றீங்க?"

"எனக்கு ரிவர்ஸ் பார்க்கிங் சொல்லிக் குடுத்துட்டிருந்தாங்க."

மேஜைக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். "மருந்து வேகத்துல உளறியிருப்பாங்க டாக்டர். சகஜம்தானே?"

"உளறல் இல்லீங்க. பக்கத்து வண்டியோட பின்சக்கரம் நம்ம கண்ணாடியில தெரியறப்போ ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கணும், பின்கண்ணாடியைப் பார்த்துட்டே நேராக்கணும்னு சொன்னாங்க. வீட்டுல போய் அப்படியே சொன்னேன். அடுத்த வாரம் என் மனைவி பாஸ் பண்ணிட்டாங்க."

ஓரத்தில் இருந்த உறுப்பினர் இதை மும்முரமாகக் குறித்துக்கொண்டார். அன்று முழுவதும் அவர் எழுதியது அது ஒன்றுதான். விசாரணைக்காகவா, சொந்த உபயோகத்துக்கா என்று தெரியவில்லை.

"தூக்க மருந்து ஏன் குடுத்தீங்க?"

மருந்து டாக்டரின் குரல் இறங்கியது. "தெளிவாப் பேசறாங்கன்னு சார்கிட்ட சொன்னேன். அதனாலதான்னு சொன்னார். குடுத்துட்டேன். குடுத்திருக்கக் கூடாது."

அடுத்து கணவர். வக்கீல் அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"அப்போ சம்மதிச்சிருக்கீங்க."

கணவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் தடவையாக அந்தத் தாளைப் படித்தார். அறையே காத்திருந்தது. படித்து முடித்ததும் அவர் உறுப்பினர்களைப் பார்க்கவில்லை. மர நாற்காலியைப் பார்த்தார்.

"அவ முழிச்சுட்டிருந்தாளான்னு நான் கேட்டிருக்கணும். அவகிட்டயே கேளுங்கன்னு சொல்லியிருக்கணும். டாக்டர் கேட்டாரேன்னு போட்டுட்டேன். அவளோட உடம்புக்கு நான் எப்படிங்க கையெழுத்து போட முடியும்?"

யாரையும் எதிர்த்துப் பேசாத மனிதர் முதன்முதலாக எதிர்த்துப் பேசியது தன்னையேதான்.

கடைசியில் தலைவர் பெரிய டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மூணடி தூரத்துல இருந்தவங்ககிட்ட நீங்களே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேணாம்னுதானே சொல்லியிருப்பாங்க?" என்றார் பெரிய டாக்டர், உண்மையிலேயே புரியாமல். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பதினொரு பக்கம். அதில் ஒன்பது பக்கம் பெரிய டாக்டர் எவ்வளவு பெரியவர் என்பது பற்றி. பத்தாம் பக்கத்தில், நோயாளி எழுத்தில் மறுத்ததை மீறியது ஒழுங்கீனம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். பதினொன்றில் தண்டனை: மூன்று மாதம் தொழில் செய்யத் தடை, நோயாளியின் சம்மதம் பெறுவது பற்றி ஒரு பயிற்சி. மேல்முறையீட்டில் மூன்று மாதம் ஒரு மாதமாகக் கரைந்தது. அந்த ஒரு மாதமும் மருத்துவமனை வாசலில் "டாக்டர் விடுப்பில் உள்ளார்" என்ற பலகை தொங்கியது. அவர் கடல் தாண்டி ஒரு மாநாட்டுக்குப் போய், நோயாளியை மதிப்பது எப்படி என்று உரையாற்றிவிட்டு வந்தார். பயிற்சி கம்ப்யூட்டரிலேயே நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அதற்குக் கொடுத்த சான்றிதழைச் சட்டம் போட்டு மற்றவற்றோடு மாட்டிவைத்திருக்கிறார். பார்க்கிற நோயாளிகள் இன்னொரு பட்டம் வாங்கிவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மருந்து டாக்டரின் பெயர் மெல்ல மெல்ல டூட்டி அட்டவணையிலிருந்து மறைந்தது. இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற வேறொரு மருத்துவமனைக்குப் போய்விட்டார். டீச்சர் போன் செய்தார்.

"என்னாலதானே?"

"இல்லக்கா, நானே மாறணும்னு ரொம்ப நாளா இருந்தேன்."

அது பொய் என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதற்குமேல் கிளறவில்லை.

கணவர் வேறு விதமாக மாறிப்போனார். ஃபேனைக் குறைக்கலாமா, டிவியை நிறுத்தலாமா, உன் குடையை எடுத்துட்டுப் போகலாமா என்று எதற்கெடுத்தாலும் அனுமதி. ஐந்து மாதம் பொறுத்த டீச்சர் ஒரு நாள் வெடித்தார். "குடையை எடுத்துட்டுப் போங்க! மழையில நனைஞ்சு காய்ச்சல் வந்தா உங்களை எந்த ஆஸ்பத்திரியில கொண்டுபோய் சேர்க்கறது?" இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

"ஜெயிச்சுட்டீங்க டீச்சர்" என்றேன் ஒருநாள் சிக்னலில்.

"என்னத்தை ஜெயிச்சேன்? அவருக்கு ஒரு மாசம் லீவு வாங்கிக் குடுத்தேன்" என்றார். "பச்சை விழுந்தாச்சு. கிளட்ச்சை மெதுவா விடுங்க."

அப்புறம் அவரே சொன்ன இன்னொன்றும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் அவர் ஒரு தடவைகூட அழவில்லை. அட்டையைப் படித்தபோதும் இல்லை, விசாரணையிலும் இல்லை. தீர்ப்பு வந்து சில மாதம் கழித்து, அடிவயிற்றில் லேசான வலி என்று வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனார். ஒரே அறை, சுவரில் படம் எதுவும் இல்லை. பெண் டாக்டர். அவரைப் படுக்கவைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

"வயித்தைத் தொட்டுப் பார்க்கலாமாம்மா?"

கேட்டுவிட்டுக் கையை நீட்டவில்லை. பதிலுக்காக நின்றார்.

டீச்சர் கூரையைப் பார்த்தார். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்து தலையணையில் இறங்கியது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை, வெளியே யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரிக்கவில்லை, கையைக் கட்டியபடி அங்கேயே நின்றிருந்தார். வெளியே அடுத்த நோயாளி இருமுவது கேட்டது.

"பாருங்க டாக்டர்" என்றார் டீச்சர், கொஞ்ச நேரம் கழித்து.

வாயுத்தொல்லைதான். இரண்டு மாத்திரையில் சரியாகிவிட்டது.